மலைக்குக் கொண்டுபோன வேட்டி

மதினி,

நேற்றுக் காலையில் திலக் நகர் மார்க்கெட்டில் பழக்காரன் ஓர் ஆப்பிள் பெட்டியை உடைத்தான். இப்போதெல்லாம் ஆப்பிள் அட்டைப்பெட்டியில்தான் வருகிறது. அவனுக்கு எங்கிருந்து அந்தப் பழைய மரப்பெட்டி கிடைத்ததோ, ஆணியை நெம்பிப் பலகையைப் பிய்த்ததும் அந்த வாசனை வந்துவிட்டது. பழத்தின் வாசனை இல்லை, பலகையின் வாசனை. பிசின் கசிகிற மலைமரம். அதை எரித்தால் எப்படி மணக்கும் என்று தெரிந்தவள் இந்தத் திலக் நகரில் நான் ஒருத்திதான் இருப்பேன். எடுத்த கொத்தமல்லிக் கட்டை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். என்ன அத்தை, முகம் இப்படி இருக்கிறதே என்று மருமகள் கேட்டாள். வெயில் என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

உன்னை 'நீ' என்றுதான் எழுதுகிறேன். அண்ணன் பெண்டாட்டியை 'நீங்க' என்று கூப்பிடச் சொல்லி அம்மா என்னை எத்தனையோ தடவை அடித்துப் பார்த்தாள், என் வாயில் வரவில்லை. என்னைவிட நாலைந்து வயதுதான் உனக்குக் கூட. நீ தாராவிக்கு வந்த புதிதில் குழாயடியில் நாம் இரண்டு பேரும் போட்ட சண்டையை அந்தச் சந்தே வேலைவெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறது. உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எனக்கும் முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும் படித்த தமிழ்தான். நீ படிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குத் தெரியாத காரியம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்த எடுப்பில் சொன்னால் உனக்குக் கோபம் வரும், அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

உன் கல்யாணத்தில் அண்ணன் இரண்டு முடிச்சுப் போட்டான், நாத்தனார் முறைக்கு மூன்றாவதை நான் போட்டேன். என் வாழ்க்கையில் நான் கொஞ்சம் பெருமையாக நின்ற நாள் அது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடியிலும் நீ தாலிக்கயிற்றை மாற்றுவாய். முதல் நாள் என்னோடு எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும், புதுக்கயிற்றில் மஞ்சளைத் தேய்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி என் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாய். இரண்டு முடிச்சை அண்ணன் போடுவான், மூன்றாவதற்கு நான். அந்த ஒரு நிமிஷத்தில் உன் கழுத்து எனக்கு முன்னால் இருக்கும். கிள்ளிவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அண்ணனுக்குக் கல்குவாரி வேலை. செம்பூருக்கு அப்பால் மலையை உடைத்துக் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைக்கிறவன் அவன். பாறையைத் தட்டிப் பார்த்தே எங்கே பிளக்கும் என்று சொல்வான் என்று பேர். சீனச் சண்டை முடிந்த அடுத்த வருஷம், வடக்கே மலையில் ரோடு போடுகிறார்கள், பாறை தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று மேஸ்திரி பாய் வந்து கூப்பிட்டார். கடையநல்லூர்ப் பக்கத்து ஆள், நம் சந்துக்குப் பின்னால்தான் வீடு. அவர் கூப்பிட்டால் நரகத்துக்கும் போவார்கள் நம் ஆட்கள். அண்ணன் சித்திரையில் கிளம்பினான். ஐப்பசியில் மேஸ்திரி பாய் மட்டும் திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

மலையிலிருந்து பனி சரிந்து, ஆட்கள் படுத்திருந்த கொட்டகையை மூடிக்கொண்டு கீழே போய்விட்டது. வெளியே நின்றவர்கள் பிழைத்தார்கள். கொட்டகையோடு போனவர்களை எடுக்க முடியவில்லை. குளிர்காலம் பிடித்துவிட்டது, இனி பனி உருகினால்தான் எதுவும் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். நீ அழவில்லை. நான் அழப் போனேன், அம்மா என் வாயைப் பொத்தினாள். "ஒடம்பக் கண்ணால காணாம எம்மவனச் செத்தவன்னு எவளும் அழப்பிடாது" என்றாள்.

அன்று ராத்திரியே அம்மா அண்ணனுடைய தட்டைக் கழுவி, சோறு வைக்கிற இடத்தில் போட்டாள். தினமும் போட்டாள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, உடம்பு கிடைக்காவிட்டால் வாழைத்தண்டைக் கிடத்திச் செய்ய வேண்டியதைச் செய்வது நம்மில் உள்ளதுதானே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அந்த வாழைத்தண்டைக் கறிவைத்துச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டாள். சந்தில் வேறு மாதிரியும் பேசினார்கள். வடக்கே எவளையாவது சேர்த்துக்கொண்டிருப்பான், பனியாவது சரிவதாவது என்று.

நீ இரண்டுக்கும் நடுவில் கிடந்தாய். பொட்டு இருந்தது, பூ வைக்கக் கை போகவில்லை. எதிர்வீட்டில் வளைகாப்பு நடந்ததே, நினைவிருக்கிறதா? சந்தனத்தையும் குங்குமத்தையும் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தவள் உன் முன்னால் வந்ததும் நின்றாள். யாரைக் கேட்பது என்று சுற்றிலும் பார்த்தாள். உன்னைத் தாண்டி எனக்குக் கொடுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து உன்னிடம் தட்டை நீட்டினாள். நீ எடுத்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிவிட்டு, "ஒண்ணு அந்தப் பக்கம் இருக்கணும், இல்ல இந்தப் பக்கம் இருக்கணும். இப்பிடி வாசப்படியில நிக்க என்னால முடியாதுட்டி" என்றாய். அன்றைக்குத்தான் உன்மேல் எனக்கு இருந்த பழைய கோபமெல்லாம் போனது.

ஆனியில் மழை பிடித்த முதல் வாரம், மேஸ்திரி பாய் மறுபடியும் வந்தார். பனி உருகி இரண்டு உடம்பு வெளியே வந்திருக்கிறது. ஒன்றை அவன் ஊர்க்காரர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று யாரென்று தெரியவில்லை, பனிக்கட்டியில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நம் வீட்டிலிருந்து யாராவது வந்து பார்த்தால் நல்லது என்றார். நான் போகிறேன் என்று நீ எழுந்தாய். அம்மா உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அவ சொன்னா நான் நம்பமாட்டேன். கூடப்பொறந்தவ நீ போயி அவன் கையப் பாரு" என்றாள். அண்ணனின் வலது முன்கையில் வேல் பச்சை குத்தியிருக்கும். திருச்செந்தூரில் குத்தியது.

அம்மா அன்றைக்கே உட்கார்ந்து முந்திரிக்கொத்து சுட்டாள். அவனுக்குப் பிடிக்கும், பல நாள் கெடாது. உயிரோடு எங்கேயாவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் கொடுக்க வேண்டும் என்று தூக்குச்சட்டியில் போட்டு என்னிடம் தந்தாள். நீ தாதருக்குப் போய் ஒரு கோடி வேட்டி வாங்கி வந்தாய். அதை நீ மடித்து வைத்தபோது எதற்கு என்று நான் கேட்டேன். "இருந்தா உடுத்திக்கிடுவாவ. இல்லன்னாலும் வேட்டிதான வேணும்" என்றாய்.

போரிபந்தரில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினோம். மேஸ்திரி பாய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு நமக்கு இடம் பிடித்தார். பாட்டிலில் தண்ணீர், இலையில் கட்டின புளிச்சோறு, அம்மாவின் தூக்குச்சட்டி, ஒரு துணிமூட்டை. மலைக்குப் போகிறோம் என்று சொல்லி அவர் இரண்டு கம்பளி கொண்டுவந்திருந்தார். நாம் இரண்டு பேரும் நூல்சேலையும் ரப்பர் செருப்புமாகப் புறப்பட்டிருந்தோம். குளிர் என்றால் மாட்டுங்காவில் மார்கழியில் அடிக்கிற காற்றுதான் நமக்குத் தெரியும்.

இகத்புரியில் கரண்டு எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரி எஞ்சினை மாட்டினார்கள். அதற்கப்புறம் பெட்டி முழுக்கக் கரித்தூள். எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள், நீ மட்டும் சாத்தவில்லை. கண்ணில் தூசி விழுந்து நீர் வழிகிறது, துடைக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்தவன் ஜன்னலைச் சாத்தச் சொல்லி இந்தியில் திட்டினான். நீ மீன்காரியிடம் பேசுகிற இந்தியில் அவனுக்கு ஒன்று கொடுத்தாய். அந்த இந்தியில் நாலு வார்த்தைதான் இருக்கும், நாலும் வசவுதான். அவன் எழுந்து வேறு பக்கம் போய்விட்டான். மேஸ்திரி பாய் பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குச் சிரித்ததைப் பார்த்தேன்.

ஜான்சிக்கு முன்னால் ஒரு பஞ்சாபி அம்மாள் ஏறினாள். நல்ல வாட்டசாட்டம், கை நிறைய வளையல். ரொட்டியும் ஊறுகாயும் எடுத்து நமக்குத்தான் முதலில் கொடுத்தாள். உன் மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு, கூச்சமே இல்லாமல் விரலால் தூக்கிப் பார்த்து, இது புருஷனுக்கா என்று கேட்டாள். பாய் சொல்லித்தான் நமக்குப் புரிந்தது. எங்கே போகிறீர்கள் என்றாள். பாய் தயங்கினார். நீ அவரைப் பார்த்து, "எம் புருசனக் கூட்டிட்டு வரப் போறோம்னு சொல்லுங்க" என்றாய். அவர் அப்படியே சொன்னார். அந்த அம்மாள் உன் தலையில் கை வைத்து நீளமாக ஏதோ வாழ்த்தினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நீயும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டில்லியில் அவள் இறங்கிப் போகும்போது நீ எழுந்து நின்று கும்பிட்டாய்.

டில்லியில் வண்டி மாறினோம். பதான்கோட்டில் இறங்கி அங்கிருந்து சின்ன வண்டி. நம் சந்துக்குள்ளேயே ஓடலாம், அவ்வளவு ஒடுக்கம். அது மூச்சு வாங்கிக்கொண்டு மேடு ஏறும்போது பக்கத்தில் நடந்து வருகிறவன் முந்திக்கொண்டு போனான். ஓடைகள், பாலங்கள், வயல். பிறகு ஒரு வளைவில் சட்டென்று வானத்துக்குக் குறுக்கே அது நின்றது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்.

"அது மேகமா பாய்?" என்று கேட்டாய்.

"பனி, தங்கச்சி."

"அதுக்குள்ளயா இருந்தாவ இம்புட்டு நாளும்" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். அதற்கப்புறம் அந்த வண்டி நிற்கிற வரைக்கும் நீ வெளியே பார்க்கவே இல்லை. உன் காலுக்கடியில் இருந்த தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாய். ரயில் அத்தோடு முடிந்தது. பிறகு பஸ், அப்புறம் ரோட்டு வேலைக்குச் சாமான் ஏற்றுகிற லாரி. லாரியில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும் போல் இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளம். இந்தப் பாறையை அண்ணன்தான் உடைத்திருப்பானா, இதையா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்துக்கொண்டேன். அவன் போட்ட ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

முகாமில் தகரக் கொட்டகைகள். தலைப்பாகை கட்டிய ஆபீசர் ஒருவர் நம்மைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அதை நான் மறக்கவில்லை. நமக்கு டீ கொடுக்கச் சொன்னார். நீ பிறகு குடிக்கிறேன் என்றாய். கோடியில் இருந்த கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே பலகைமேல் கம்பளிபோட்டு மூடியிருந்தது.

முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கறுத்துப்போய், வற்றி, யாருடைய முகமாகவும் இருக்கலாம். எனக்கு அம்மா சொன்னது மட்டும்தான் மண்டையில் இருந்தது. கம்பளியை ஒதுக்கி வலது கையைப் பார்த்தேன். பச்சை இல்லை. இடது கையையும் பார்த்தேன். மணிக்கட்டில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நூல் சுற்றியிருந்தது, கோயிலில் கட்டுகிறார்களே அந்தக் கயிறு. பெற்றவளோ வேறு யாரோ கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆளும் அண்ணனைவிடக் குட்டை. மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

எனக்கு உயிர் வந்தது, மதினி. அண்ணன் இல்லை. கத்திச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. உன்னைப் பார்த்தேன். நீ அந்தக் கையைப் பார்த்தாய், நூலைப் பார்த்தாய். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் நின்றாய். யாரும் அடையாளம் சொல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று பாயிடம் கேட்கச் சொன்னாய். இங்கேயே எங்களுக்குத் தெரிந்த மாதிரி எரித்துவிடுவோம், என்ன செய்வது என்று ஆபீசர் சொன்னார்.

நீ நிமிர்ந்தாய். "அவியதான்" என்றாய்.

மேஸ்திரி பாய் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அண்ணனோடு ஒரே பாறையில் வேலை செய்தவர் அவர், அவருக்குத் தெரியாதா? நம் மூன்று பேர் தவிர அந்தக் கொட்டகையில் யாருக்கும் தமிழ் தெரியாது. அவர் வாயைத் திறந்தால் முடிந்தது, நான் திறந்தாலும் முடிந்தது. அவர் ஆபீசர் பக்கம் திரும்பி, மெல்ல, இந்தியில் சொன்னார். ஆமாம், இவருடைய புருஷன்தான்.

அந்த ஊர் மரத்தைத்தான் வெட்டி அடுக்கினார்கள். குளிப்பாட்டுவதற்கு ஓடைத் தண்ணீர். நீ கொண்டுபோன கோடி வேட்டியை அவனுக்குக் கட்டினாய். மணிக்கட்டு நூலை ஒருவன் அறுக்கப் போனான். "அது இருக்கட்டும், பெத்தவ கட்டுனது" என்று தடுத்தாய். வாய்க்கரிசிக்கு அரிசி கொண்டுபோயிருக்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துப் பொடித்து அவன் வாயில் வைத்தாய். எங்கள் அம்மா சுட்டது கடைசியில் ஒரு பிள்ளையின் வாய்க்குத்தான் போனது. மீதியை அங்கே நின்ற கூலிக்காரர்களுக்கு நான்தான் கொடுத்தேன். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று யாரும் கேட்பதற்கு முன்னால் பாய் முன்னே வந்தார். வேண்டாம் என்று சொல்லி நீயே வாங்கி வைத்தாய். அதற்கப்புறம்தான் அழுதாய். அத்தனை மாதமும் அழாததை எல்லாம் அங்கே அழுதாய், அந்த மலை முழுக்கக் கேட்கிற மாதிரி. யாரென்றே தெரியாத ஒருவனுக்கு நீ தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாய். நானும் கூட அழுதேன். அந்த மரம் எரிகிற வாசனையை நல்ல வாசனை என்று நினைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

ஓடைக்கரைக்கு என்னைக் கூட்டிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். ஆடிக்கு உட்காருகிற மாதிரியே. "முடிச்ச அவுரு" என்றாய்.

கட்டினவளே அவிழ்க்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? கயிறு நனைந்து முடிச்சுகள் கல்லாகியிருந்தன. குளிரில் விரலில் உணர்ச்சியே இல்லை. பாய் கொஞ்சம் தள்ளி நின்றவர், பார்த்துவிட்டுத் தன் பேனாக்கத்தியை என்னிடம் நீட்டினார். நீ திரும்பாமலேயே, "அறுக்காத" என்றாய். மறுபடியும் முயற்சி பண்ணினேன், வரவில்லை. அழுகை வந்தது. "அறுக்காதட்டி. பல்லால அவுரு" என்றாய். உன் பிடரியில் முகத்தைப் புதைத்து ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து இழுத்தேன். மஞ்சளும் வேர்வையும் கரியும் கலந்த ருசி. மூன்றாவதுதான், நான் போட்டதுதான் வர மாட்டேன் என்றது.

அதை நெருப்பில் போடுவாய் என்று நினைத்தேன். நீ சுருட்டி மூட்டைக்குள் இருந்த பவுடர் டப்பாவில் போட்டு மூடினாய்.

திரும்பி வரும்போது ரயிலில் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். உன் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் கேள்வியை விட்டுவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். போபாலுக்கு அப்பால் பாய் மேல்பலகையில் தூங்கின பிறகு, மனசில் போட்டு வைக்க முடியாமல் உன்னிடம் கேட்டேன். அவன் யார் மதினி?

"யாரு பெத்த பிள்ளையோ. அவனுக்கு அழ ஆளு இல்ல. எனக்கு அழ ஒடம்பு இல்ல. அம்புட்டுதாம்ட்டி."

அப்போ ஏன் அறுக்க விடவில்லை என்றேன்.

"அறுத்தது அறுத்ததுதான். அவுத்தத எப்ப வந்தாலும் கட்டிக்கிடலாம்லா" என்றாய். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கரித்தூள் வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் நாம் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை, வெகுகாலம்.

வீட்டு வாசலில் நுழைந்ததும் அம்மா உன் கழுத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தட்டு அன்றைக்கும் போட்டிருந்தது. கையில் பச்சை இருந்ததா என்று கேட்டாள். நீ பின்னாலிருந்து இருந்தது என்றாய். "ஒன்னக் கேக்கல" என்றாள் அம்மா. என்னையே பார்த்தாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி, என்னை நம்பித்தான் அனுப்பியிருந்தாள். நீ எனக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நிற்கிறாய்.

"இருந்துச்சும்மா. வேலுதான்" என்றேன்.

அம்மா தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அழுதாள், சந்தில் இருந்த பெண்களெல்லாம் வந்து சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி அசந்து தூங்கினாள். அடுத்த தைக்குள் போய்ச் சேர்ந்தாள். பொய் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை, மதினி. அவளைத் தூங்கவைக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஊர் உன்னை முழுசாக ஒரு பக்கம் வைத்துவிட்டது. துக்க வீட்டுக்கு முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள், கல்யாண வீட்டில் பின்கட்டில் காய் நறுக்க விட்டார்கள். பாவம், மலைவரைக்கும் போய்ப் புருஷனைக் கரையேற்றினவள் என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். முறுக்குச் சுட்டு மாட்டுங்காவில் வீடு வீடாகப் போய் விற்றாய். எனக்குக் கல்யாணமாகி நான் இங்கே வந்த பிறகு, வாரம் ஒரு நாள் முறுக்குப் பொட்டலத்தோடு வருவாய். வந்து அரைமணி நேரத்தில் என் சமையலைக் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். ஆனி மாசத்தில் ஒரு நாள் மட்டும் வர மாட்டாய். அன்றைக்குக் காகத்துக்குச் சோறு வைப்பாய். அண்ணனுக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு தடவை நான் அங்கே இருந்தபோது என் காதில் சொன்னாய், பேர் தெரியாதவனை என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது, வாய்யா என்றுதான் கூப்பிடுகிறேன் என்று.

வயதான பிறகு உனக்கு அந்தக் கவலை பிடித்துக்கொண்டது. கண்தெரியாத காலத்தில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, அதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடுவதில்லை. "அங்கயும் ஒருத்தி தட்டு போட்டு வச்சுக்கிட்டு இருந்திருப்பாட்டி. அவ மவன நான் எரிச்சுட்டம்லா. அவ எத வச்சு அந்தத் தட்ட எடுத்திருப்பா?" அவளும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள் மதினி என்றேன். அது ஒரு ஆறுதலா? நீ என் கையை விட்டுவிட்டாய்.

மேஸ்திரி பாய் எப்போதோ போய்விட்டார். போன வருஷம் ஆடியில் நீயும் போனாய். இந்த ஆனியில் காகத்துக்குச் சோறு நான்தான் வைத்தேன், நாலாவது மாடிப் பால்கனியில். யாருக்கு அத்தை என்று மருமகள் கேட்டாள். சொந்தக்காரப் பையன் ஒருவன், மலையில் இருக்கிறான் என்றேன். காகம் வர நேரமானது. வாய்யா என்று கூப்பிட்ட பிறகு வந்தது. என் காலம் வரைக்கும் அதை விடமாட்டேன், பயப்படாதே.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ போன அன்று தகவல் வந்ததும் தாராவிக்கு ஓடிவந்தேன். அதற்குள் பெண்கள் உன்னைக் குளிப்பாட்டிச் சேலை கட்டி முடித்திருந்தார்கள். எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாமிப் படத்துக்குப் பின்னால் பவுடர் டப்பா இருந்தது. கயிறு சாயம் போய் நூலாக இருந்தது, ஆனாலும் முழுக்கயிறு. அடுப்படியில் மஞ்சள்தூளை எடுத்துக் குழைத்துத் தேய்த்தேன். உன்னைத் தூக்கி என் மார்மேல் சாய்த்துக்கொண்டேன். கனமே இல்லை நீ. போகும்போது தாலியோடு போகட்டும், அங்கே அண்ணன் இருந்தால் அவனுக்கு அடையாளம் தெரியட்டும், இல்லை இன்னும் எங்கேயாவது உயிரோடு இருந்தாலும் அவன் பெண்டாட்டி சுமங்கலியாகத்தான் போனாள் என்று இருக்கட்டும். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் கடைசிவரைக்கும் தெரியவில்லை. சேலையை மேலே இழுத்துக் கழுத்தை நன்றாக மூடிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். உன் நிறமற்ற சேலைக்கு அடியில் என்ன இருந்தது என்று ஒருத்திக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

கோபப்படாதே. அண்ணன் போட வேண்டிய இரண்டையும் அவனுக்காக நானே போட்டேன். மூன்றாவது எப்போதும் என்னுடையதுதான். குனிந்து போடும்போது பல்லில் அந்த மஞ்சள் ருசி வந்தது, இன்னும் போகவில்லை. இறுக்கிப் போட்டிருக்கிறேன், மதினி. இந்தத் தடவை பல்லாலும் அவிழ்க்க முடியாது.